காயாத நெற்றி

மண்டபத்துக்குள் கால் வைத்ததுமே டேர்பன்டைன் நாற்றமும் பற்றிஸ் பலகாரம் பொரித்த எண்ணெய் நாற்றமும் சேர்ந்து அடித்தன. 'நட்பின் வர்ணங்கள்' என்று வாசலில் மூன்று மொழியிலும் எழுதி, குத்துவிளக்கும் வைத்திருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கண்டியில் தமிழ்க் கடைகளாகப் பார்த்துக் கொளுத்தினார்கள். இப்போது நட்பாம், வர்ணமாம். ஆனால் வரைந்தவர்கள் என் சிநேகிதர்கள், அம்பிகைபாகனும் செசிலியாவும். போகாமல் இருக்க முடியுமா? அதுவும் அண்ணியைக் கூட்டி வருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

அண்ணி ரத்தினம்மா புசல்லாவையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். தேயிலைக் கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு என் பின்னால் நடந்தாள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அவள் வந்தது கண்காட்சி பார்க்க இல்லை, புருஷனைப் பார்க்க.

என் அண்ணன் காளிமுத்து கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடையும் எரிந்தது, பின்னால் அவர்கள் குடியிருந்த அறையும் எரிந்தது, அவரும் எரிந்தார். அண்ணி அந்த வாரம் தோட்டத்துக்குப் போயிருந்ததால் தப்பினாள். கல்யாணப் போட்டோகூட மிஞ்சவில்லை. "மொகம் மறந்துக்கிட்டே வருது தம்பி" என்று போன பொங்கலுக்கு அண்ணி சொன்னாள். அதைக் கேட்டுத்தான் அம்பிகைபாகனிடம் போனேன். வங்கியில் வேலை செய்கிற யாழ்ப்பாணத்துக்காரன். ஐந்து வருஷம் அண்ணன் கையால் தேத்தண்ணி குடித்தவன். மனத்தில் இருந்ததை வைத்தே வரைந்துவிட்டான். போன மாதம் அவன் அறையில் பார்த்தேன். தோளில் துண்டோடு கடை வாசலில் அண்ணன் நிற்கிறார், நெற்றி நிறைய மூன்று கோடு திருநீறு. அவன் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். கண்காட்சி முடிந்ததும் படம் அண்ணிக்குத்தான் என்று அவனே சொன்னான்.

அந்தப் படம் இப்போது மூலையில் தொங்கியது. கடை இருந்தது, துண்டு இருந்தது, அண்ணன் சிரிப்பும் இருந்தது. நெற்றி மட்டும் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. கீழே 'கிராமத்து வியாபாரி' என்று ஒரு சீட்டு.

அண்ணியைப் படத்தின் முன்னால் விட்டுவிட்டு அம்பிகைபாகனைத் தூணோரமாக இழுத்தேன்.

"கோவிக்காதை கணபதி," என்றான். "மண்டபம் தந்தவை நேற்று வந்து பாத்தவை. இந்த ஆள் ஆர், எந்தக் கடை எண்டு விசாரிச்சவை. திருநீறு இல்லாட்டி தமிழனெண்டு தெரியாதுதானே. அவை போனாப்பிறகு நான்தான் அழிச்சனான்."

"அது எங்கண்ணன் மொகம்டா."

செசிலியா பற்றிஸ் தட்டோடு வந்து குரலைத் தாழ்த்தினாள். "திறந்து வைக்கிற பெரியவர் வாற நேரம். இப்ப கதைக்க வேண்டாம் கணபதி. எங்களுக்கும் பயமிருக்குத்தானே."

தட்டை என் பக்கம் நீட்டினாள். சீ என்று போய்விட்டது எனக்கு. கடையை அழித்திருக்கலாம், துண்டை அழித்திருக்கலாம், படத்தையே மாட்டாமல் விட்டிருக்கலாம். இவர்கள் பயத்துக்கு அந்த நெற்றிதானா அகப்பட்டது?

"உனக்கெல்லாம் எதுக்குடா பிரஷ்" என்றேன்.

அம்பிகைபாகன் என்னையே பார்த்தான். "அண்டைக்கு நீயும் அழிச்சுப்போட்டுத்தானே ஓடினனீ," என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

உண்மைதான். கலவரத்தன்று அண்ணன் கடையில் இருந்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் கூச்சல் கேட்டதும் சட்டைக் கையால் ஒரே இழுப்பில் நெற்றியைத் துடைத்தேன். அண்ணனையும் துடைக்கச் சொன்னேன். "போடா, நான் பாத்துக்கிறேன்" என்று அவர் கடைக்குள் போனார். நான் பஸ்ஸேறி, பக்கத்தில் இருந்தவனோடு சிங்களத்தில் பேசிச் சிரித்தபடி கண்டிக்கு வந்து சேர்ந்தேன். இதை அழுதுகொண்டே இவனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அண்ணிக்குத் தெரியாது. இவன் மேல் இருந்த அருவருப்பெல்லாம் அப்படியே திரும்பி என் மேல் ஏறியது. அந்தச் சட்டைக் கை இன்னும் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

"தம்பி," என்று அண்ணி கூப்பிட்டாள். "இவுக நெத்தியில துண்ணூறு எங்க?"

எத்தனையோ பொய் வாயில் இருந்தது. "அழிச்சிட்டோம் அண்ணி," என்றேன்.

"யாரு?"

"நாந்தான் மொதல்ல."

அவள் சேலை முடிச்சை அவிழ்த்தாள். வரும்போதெல்லாம் தோட்டத்துக் கோயில் திருநீறு எனக்குக் கொண்டுவருவாள். நான் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன், பூசுவதில்லை. அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, மூன்று விரலால் தொட்டு, படத்தின் நெற்றியில் இழுத்தாள். நேற்றுப் பூசிய வர்ணம் காயவில்லை. திருநீறு அதில் புதைந்து பிடித்துக்கொண்டது.

அம்பிகைபாகன் துணியோடு ஓடி வந்தான். "துடைச்சா முகமும் சேந்து போயிடும்," என்றாள் செசிலியா. அவன் கை பாதியில் நின்றது. வெளியே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. யாரோ கை தட்டத் தொடங்கினார்கள்.

அண்ணி என் பக்கம் திரும்பினாள். விரல்களில் சாம்பலும் அண்ணனின் தோல் நிறமும் அப்பியிருந்தன. அந்த மூன்று விரலையும் என் முகத்துக்கு நேரே தூக்கினாள். குட்டையான மனுஷி, நான் குனிந்தால்தான் அவளுக்கு எட்டும்.