கைதட்டுக்கு நின்றவர்கள்

படச்சுருள் கழுவி வந்த அன்று நண்பகலில், கிடங்கின் ஜன்னல்களுக்கெல்லாம் கம்பளியை ஆணியடித்து இருட்டாக்கினோம். எதிர்ச்சுவரில் என் வெள்ளைப் போர்வை தொங்கியது. எங்கள் நாடகக் கம்பெனி ஆட்கள் பெட்டிகள் மேலும் தரையிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். இருந்த ஒரே நாற்காலியில் தியேட்டர்காரர். என் கணவர் மட்டும் நின்றார். வாழ்நாளில் ஒரு காட்சியைக்கூட அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை.

கேமராக்காரர் விளக்குப் பெட்டியின் கைப்பிடியைச் சுற்ற, போர்வையில் நாங்கள் அசைந்தோம். தன் மூக்கு அவ்வளவு பெரிதென்று அதுவரை அறிந்திராத எங்கள் கோமாளி, "அது நான் இல்ல, என் சித்தப்பா" என்றார். எல்லோரும் சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு தானாகக் குறைந்தது. படத்தில் ஒருவர் பேசுவார், கையை உயர்த்துவார், உயர்த்திய கையோடு அப்படியே நின்றுவிடுவார். எங்களைப் பார்த்தபடி, மூச்சு மட்டும் ஏறி இறங்க நிற்பார். பிறகு சாவி கொடுத்தது போல அடுத்தவர் பேசத் தொடங்குவார். அவரும் முடித்துவிட்டு நிற்பார். ஓடும் வண்டி வீட்டுக்கு வீடு நின்று நின்று போவது போல இருந்தது.

முதலில் என் கணவருக்குத்தான் புரிந்தது. "கைதட்டுக்கு நிக்கிறாங்க" என்றார்.

நாடகத்தில் அது அவரே வகுத்த பாடம். நல்ல வசனத்தைச் சொன்னால் அடுத்ததற்குத் தாவக் கூடாது. நிற்க வேண்டும். முன்வரிசை தட்டி, பின்வரிசை தட்டி, அது ஓயும்போதுதான் அடுத்தவர் வாயைத் திறக்க வேண்டும். இருபது வருடம் அப்படி நின்று பழகியவர்கள், எதிரே ஒரு மரப்பெட்டியும் அதைச் சுற்றுகிற ஒரு ஒல்லி மனிதரும் மட்டும் இருந்தபோதும் நின்றார்கள். அவரும் கேமரா பக்கத்தில் நின்று, வராத கைதட்டல் ஓயும்வரை காத்திருந்து, தலையசைத்து, அடுத்தவருக்குச் சைகை காட்டியிருக்கிறார். அது அவருக்கே தெரியவில்லை.

"நீயாவது சொல்லக் கூடாதாய்யா?" என்று கேமராக்காரரைக் கேட்டார்.

"நான் நாடகம் பார்த்ததில்ல முதலாளி. உங்க ஆளுங்க வழக்கம் போலன்னு சுத்திக்கிட்டே இருந்தேன்."

என் கணவர் போய்ச் சேர்ந்து இது இரண்டாவது மழைக்காலம். அவரைப் பற்றிக் கேட்க இன்னமும் ஆட்கள் வருகிறார்கள். அவருடைய படங்களில் மனிதர்கள் சும்மா நிற்பது பெரிய கலையென்றும், அதை அவர் வெகுகாலம் யோசித்துக் கண்டுபிடித்தார் என்றும் எழுதுகிறார்கள். எழுதட்டும். அவர் இருந்திருந்தால் மறுத்திருக்கவும் மாட்டார். தன்னைப் பற்றிய நல்ல வதந்தியைக் கெடுப்பது விளம்பரத் தொழிலுக்குத் துரோகம் என்பார். ஆனால் நான் அங்கே இருந்தேன். கத்தரிக்கோல் என் கையில் இருந்தது.

கல்யாணமாகி வந்த நாள் முதல் எனக்கு வீடு என்பது கூடாரம்தான். ஊர் ஊராக வண்டியில் போவோம். போன இடத்தில் முதலில் அவர் ஒரு பெட்டி மேல் ஏறி, தகரக் குழாயை வாயில் வைத்து, அன்றைய நாடகத்தைப் பற்றி நாடகத்தில் இல்லாததையெல்லாம் சொல்வார். திரைக்குப் பின்னால் கண்ணை மூடி நின்று, எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று இருமலை வைத்தே கணக்கிடுவார். நான் உடைகள் தைத்தேன். ராஜாவின் அங்கியைப் பிரித்து நீதிபதிக்கும், நீதிபதியுடையதைப் பிரித்து விதவைக்கும் தைப்பேன். மேடையில் நான் ஏறியதே இல்லை. அதற்கு அண்ணி இருந்தார்.

அண்ணி என்றால் அவருடைய அக்கா. அப்பா அம்மா இல்லாத தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே வேஷம் கட்டியவர். அவர் குரல் கடைசி வரிசையையும் தாண்டி, வெளியே வண்டி மாடுகளைத் திரும்பிப் பார்க்க வைக்கும். எங்கள் கம்பெனியின் பெரிய நாடகமே அவரை நம்பித்தான் இருந்தது. கொலைப்பழி சுமந்த மகனைத் தேடுகிறார்கள். பிடிபட்ட ஒருவனை நீதிமன்றத்தில் நிறுத்தி, இவன் உன் பிள்ளைதானே என்று தாயைக் கேட்கிறார்கள். ஆமென்றால் அவனுக்குத் தூக்கு. அண்ணி கூண்டைப் பிடித்துக்கொண்டு, "இவன் என் பிள்ளை இல்லை" என்று சொல்லி, இரண்டு கைகளையும் விரித்து நிற்பார். கூடாரத்துக் கம்பங்கள் ஆடுகிற அளவுக்குத் தட்டுவார்கள்.

இடைவேளையில் ஆட்டக்காரர்கள் உடை மாற்ற நேரம் வேண்டுமென்று, ஒரு சமயம் அசையும் படக்காரர் ஒருவரைக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டோம். ஜனங்கள் அந்த இடைவேளைக்கென்றே வரத் தொடங்கினார்கள். வேறொரு முதலாளியாக இருந்தால் அவரை விரட்டியிருப்பார். என் கணவர் அவருக்குக் காலையும் மாலையும் காப்பி கொடுத்து எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்.

"பார்த்தா போதும்னு ஜனங்க வர்றாங்க. அப்புறம் எதுக்கு இத்தன பேரும் கட்டில் சட்டியெல்லாம் தூக்கிட்டு அலையணும்? நாம ஒரு இடத்துல இருப்போம். டப்பா ஊர் சுத்தட்டும்."

"என் குரல் டப்பாவுக்குள்ள வருமாடா?" என்றார் அண்ணி.

"வராதுக்கா. எழுத்துப் போட்டுக் காட்டுவோம்."

"எழுத்து அழுவுமா?"

கூடாரத்தை விற்றுக் கேமரா வந்தது; அதைச் சுற்ற வேறொருவரும் வந்தார். கிடங்குக்குப் பின்னால் கூரையில்லாத அறைகள் கட்டி, மேலே வெள்ளைத்துணி பரப்பி, சூரியன் நகர்வதற்கேற்ப நீதிமன்றத்தை நகர்த்தி நகர்த்திப் படம் எடுத்தோம். அண்ணி ஒரு வார்த்தையையும் விடாமல் முழுத் தொண்டையில் பேசினார். கேமராக்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

அப்படி எடுத்த படத்தைத்தான் போர்வையில் பார்த்தோம். முடிந்ததும் கோமாளி ஒரு கம்பளியை விலக்கினார். வெளிச்சம் வந்து விழுந்த இடத்தில் தியேட்டர்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். அதனால்தான் நேராகச் சொன்னார்.

"கதை நல்லா இருக்கு முதலாளி. அம்மா வேஷம்தான் தாங்காது. கை இந்தச் சுவத்துலேருந்து அந்தச் சுவருக்குப் போவுது. கொஞ்சம் இளசா ஒரு முகமா வெச்சு அந்தப் பகுதிய மறுபடி எடுங்க. மாசக் கடைசியில என் தியேட்டர் உங்களுக்கு."

அண்ணி அங்கேதான் இருந்தார். "இளசுன்னா எந்த அளவுக்கு?" என்று கேட்டார். "பெத்த பிள்ளையவிட இளசாவா?"

யாரும் சிரிக்கவில்லை. அண்ணி எழுந்து, புடவையின் தூசியைத் தட்டிவிட்டு, தம்பியைப் பார்த்தார். "அவர் சொல்றது சரின்னு உனக்குத் தோணுச்சுன்னா சொல்லிடுடா. துணி துவைச்சுப் போட்டுக்கிட்டு இங்கயே இருப்பேன். ஆனா சுத்தி வளைக்காத."

"அக்காவ மாத்துறதுக்கு இந்தப் படத்தையே கொளுத்திடலாம்" என்றார் அவர், தியேட்டர்காரரிடம். "நல்லா எரியுமாம், கேமராக்காரர் சொன்னாரு. மாசக் கடைசிக்குப் படம் வரும். அதுலயும் இவங்கதான் இருப்பாங்க. புடிக்கலன்னா அன்னைக்கே டப்பாவை எடுத்துட்டுப் போயிடறேன்."

அந்தத் தைரியத்தை எந்தக் கடையில் வாங்கினார் என்று நான் எத்தனையோ தடவை யோசித்ததுண்டு. எடுப்பதற்கு வெற்றுச்சுருள் இல்லை. திரும்பிப் போகக் கூடாரம் இல்லை. கையில் இருந்ததை வெட்டி ஒட்டித்தான் ஏதாவது செய்தாக வேண்டும்.

மறுநாள் முதல் ஜன்னலோரம் கொடி கட்டி, துணி காயப்போடுவது போலப் படத்துண்டுகளைத் தொங்கவிட்டோம். அவர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்ட, நான் வெட்டினேன். நிற்கிற இடங்களையெல்லாம் எடுத்துவிட்டு, பேச்சையும் பேச்சையும் ஒட்டினோம். துணி வெட்டிய கைக்கு அது சிரமமாக இல்லை. வெட்டி எடுத்த துண்டுகள் கூடையில் சேர்ந்தன. ஒட்டிய படத்தை ஓட்டிப் பார்த்தோம். இப்போது யாரும் நிற்கவில்லை. ஆனால் தீப்பிடித்த வீட்டில் ஓடுபவர்கள் மாதிரி எல்லோரும் கையை வீசிக்கொண்டே இருந்தார்கள். அண்ணியின் கைகள் இன்னும் பெரிதாகத் தெரிந்தன. என் கணவர் பார்த்துவிட்டு, "மோசமில்ல" என்றார். அவர் வாயில் அது மிக மோசமான வார்த்தை.

அந்த வாரம் விளக்குப் பெட்டியில் ஏதோ கோளாறு. படம் திடீரென்று கருகிவிடுமோ என்று கேமராக்காரருக்குப் பயம். நல்ல சுருளை வைத்துச் சோதிக்க மனமில்லாமல், கூடையில் கிடந்த கழிவுத் துண்டுகளை வரிசை பார்க்காமல் ஒட்டி, அதை மாட்டிச் சுற்றினார். நாங்கள் சும்மா திரும்பிப் பார்த்தோம்.

போர்வையில் எங்கள் கம்பெனி முழுவதும் நின்றுகொண்டிருந்தது. நீதிபதி நின்றார். வழக்கறிஞர் நின்றார். கோமாளி பல்லைக் காட்டி முடித்துவிட்டு நின்றார். யாரும் சிரிக்காத ஒரு கோமாளி எப்படி இருப்பார் என்று அப்போதுதான் பார்த்தேன். சிரிப்பு உதட்டிலிருந்து மெல்ல இறங்கி, கண் மட்டும் எதையோ தேடியது. பிறகு அண்ணி. கைகளை விரித்து முடித்திருந்தார். எதிரே யாரும் இல்லை. கைகள் தாமாகத் தாழ்ந்தன. கூட்டம் இருக்க வேண்டிய இடத்தை அவர் கண்கள் ஒரு தடவை மெதுவாகக் கடந்தன. ஏதோ கேட்கிறதா என்று காத்திருப்பது போல முகம் சற்றே சாய்ந்தது. பெற்றவனை இல்லையென்று சொல்லிவிட்ட ஒருத்தி வேறெப்படி நிற்பாள்?

துண்டு முடிந்து போர்வை வெள்ளையானது. கேமராக்காரர், "விளக்கு நல்லாதான் இருக்கு முதலாளி" என்றார்.

என் கணவர் என் பக்கம் திரும்பினார். "தைச்சதைப் பிரி."

பிரித்தேன். கையை வீசியதெல்லாம் கூடைக்குப் போயிற்று, நின்றதெல்லாம் படத்துக்குள் வந்தது. இடையிடையே எழுத்து அட்டை. அண்ணி வாயைத் திறக்கும்போதே வெட்டிவிட்டு, "இவன் என் பிள்ளை இல்லை" என்ற எழுத்தைப் போட்டு, அதற்குப் பிறகு அவர் நிற்பதை முழுவதும் விட்டுவிட்டோம். ஒரு படக்கட்டம்கூடக் குறைக்க என் கணவர் சம்மதிக்கவில்லை.

"அண்ணிகிட்ட சொல்லிடுங்க" என்றேன்.

"மாட்டேன்."

"அவங்க நடிச்சதையெல்லாம் தூக்கிப் போட்டிருக்கோம். நாலு பேர் நடுவுல பார்த்தா எப்படி இருக்கும்?"

"சொன்னா அடுத்த படத்துல அதை நடிக்க ஆரம்பிச்சுடுவாங்க" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. அவரிடம் எனக்குப் பயமாக இருந்த சில நேரங்களில் அது ஒன்று.

மாசக் கடைசியில், பகல் காட்சி. தியேட்டர் நிறைந்திருந்தது. அவர் வாசலில் பெட்டி மேல் ஏறி நின்று செய்த வேலை அது. நானும் அண்ணியும் நடுவரிசையில் உட்கார்ந்தோம். அண்ணி தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, தன் நல்ல புடவையைக் கட்டியிருந்தார். பக்கத்திலிருந்த அம்மாளிடம், "நான்தான் அம்மாவா வர்றேன்" என்று சொல்லியும் வைத்தார்.

படம் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என் முழங்கையைப் பிடித்தார். "நான் கதவத் திறந்துட்டு வந்து கத்துவேனே, அது வரலியே."



வீட்டை விட்டு மகன் ஓடும் காட்சி வந்தது. அண்ணி மார்பில் அடித்துக்கொண்ட அத்தனையும் போய், ஓய்ந்து நின்றது மட்டும் இருந்தது. பிடி இறுகியது. நீதிமன்றம் வந்தது. எழுத்து வந்தது. என் பக்கத்தில் அண்ணியின் உதடுகள் அந்த வசனத்தைச் சத்தமில்லாமல் சொல்லின. திரையில் அவர் முகம் நின்றது.

"என் கை எங்க?" என்றார் மெதுவாக. "ஏம்மா, என் கைய எங்க வெச்சிருக்கீங்க?"

திரையில் அந்த முகம் போகாமல் நின்றுகொண்டே இருந்தது. அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. கூடாரத்தில் வாழ்ந்தவளுக்கு அந்த அமைதி என்னவென்று தெரியும். பிடிக்கவில்லை என்று பொருள். கொஞ்சம் பொறுத்தால் முதல் சீழ்க்கை வரும், பிறகு செருப்பு வரும்.

"ஒருத்தன்கூடத் தட்டல" என்றார் அண்ணி. என் கையை விட்டுவிட்டு எழுந்தார். வரிசையிலிருந்தவர்களின் கால்களை மிதித்துக்கொண்டு அவர் வெளியேறியபோது ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. நான் பின்னாலேயே போனேன்.

சுவரோரமாகத் திரைக்குப் பக்கத்தில் இருந்த கதவை நோக்கித்தான் அவர் நடந்தார். அந்தக் கதவில் சாய்ந்தபடி தம்பி நின்றுகொண்டிருந்தார், வழக்கம் போல உட்காராமல். அக்காவைக் கண்டதும் நிமிர்ந்தார். என்ன கேட்டாலும் வாங்கிக்கொள்ளும் முகம். அண்ணி அவரெதிரே போய் நின்று, ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்போது எதற்கோ தலையைத் திருப்பி, உட்கார்ந்திருந்த ஜனங்களைப் பார்த்தார்.

அவர் அவர்களை இத்தனை கிட்டத்தில், தன்னைப் பார்க்காமல் இருக்கும்போது, பார்த்ததே இல்லை. மேடையில் விளக்குக்கு அப்பால் அவர்கள் எப்போதும் வெறும் இருட்டு, இருமல், சத்தம். இப்போது திரையின் வெளிச்சம் முகம் முகமாக விழுந்திருந்தது. முன்வரிசையில் ஒருவர் பாதி கடித்த எதையோ வாயருகே பிடித்தபடி மறந்திருந்தார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, பிள்ளை அவள் காதைப் பிடித்து இழுப்பதுகூடத் தெரியாமல் இருந்தாள். மூன்றாவது வரிசையில் ஒரு கனத்த மனிதர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். தட்டுவதற்கு யாரிடமும் கை இல்லை.

"அக்கா" என்றார் அவர்.

அண்ணி திரும்பாமலே கையை உயர்த்தினார், பேசாதே என்று. சிறிய அசைவு. பிறகு கதவையும் தம்பியையும் விட்டு இரண்டடி முன்னால் போய், திரைக்கு முதுகைக் காட்டி நின்று, ஒவ்வொரு வரிசையாக, ஒவ்வொரு முகமாக, அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டே போனார்.