ஆலைப் பேச்சு

மழைச்சட்டை வந்து சேர்ந்த அன்று சாயங்காலம் அவர் அதைக் கூடத்தில் நின்றபடியே போட்டுப் பார்த்தார். அருவிக்குப் பதிவு செய்தவர்களுக்கு ஆளுக்கொன்று என்று சுற்றுலாக்காரர்கள் முன்கூட்டியே அனுப்பியிருந்த மெல்லிய நீல பிளாஸ்டிக் சட்டை. உள்ளங்கையளவு பைக்குள் மடித்து அடைத்திருந்தார்கள். தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததில் காற்று உள்ளே புகுந்து அவர் உப்பிப்போனார். கைகள் இரண்டும் விரலைத் தாண்டித் தொங்கின.

"எப்படி இருக்கேன்? மாப்பிள்ளை மாதிரி இல்ல?"

"மாவு மூட்டை மாதிரி இருக்கீங்க."

அவருக்குக் காது மந்தம். மனைவியின் உதட்டைப் பார்த்துப் படித்துக்கொண்டு, ஒரு நொடி தாமதமாகச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமிக்கொண்டே தரையில் உட்கார்ந்து, சட்டையை நீவி, வந்த மடிப்பு மாறாமல் மடித்துத் திரும்ப அந்தக் குட்டிப் பைக்குள் அடைத்துக் காட்டினார். பிரித்ததை மறுபடி பைக்குள் திணிப்பது சாமானியப்பட்ட காரியமில்லை. துணியோடு பழகிய கை, செய்துவிட்டது. இருமல்தான் அடங்கவில்லை. இரண்டு நாளில் ஆஸ்பத்திரி. அந்த வாரம் முடிவதற்குள் அவர் இல்லை.

இருவரும் ஒரே நெசவாலையில் அடுத்தடுத்த தறிகளில் நின்றவர்கள். நூற்றுக்கணக்கான விசைத்தறிகள் ஒன்றாக ஓடும் கூடத்தில், காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும். அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டைப் பெரிதாக அசைத்துச் சத்தமில்லாமல் பேசுவார்கள், மிச்சத்தைக் கையால் சொல்வார்கள். இரண்டு விரலை விரித்தால் இழை அறுந்துவிட்டது. மீசையை முறுக்கினால் மேற்பார்வையாளர் வருகிறார். அந்த மேற்பார்வையாளருக்கு மீசை கிடையாது என்பது வேறு விஷயம், அது அவருக்கு முன்னால் இருந்தவருடைய மீசை. கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோய் உள்ளங்கையால் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினால், "நீ போய் டீ குடிச்சிட்டு வா, உன் தறிய நான் பாத்துக்கறேன்" என்று அர்த்தம். தறியை விட்டுப் போகிறவர் கதவருகே ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். பக்கத்துத் தறிக்காரர் அந்தச் சைகையைக் காட்டினால்தான் நிம்மதியாக வெளியே காலெடுத்து வைக்கலாம். அவர்கள் காதல் முழுக்க இந்த ஆலைப் பேச்சில்தான் நடந்தது. அவளிடம் அவர் கல்யாணத்துக்குக் கேட்டபோது அந்த வரிசையில் இருந்த அத்தனை பேரும் அதைப் படித்துவிட்டார்கள். அவள் பதில் சொல்லும் முன்பே நாலு தறி தள்ளி நின்ற ஒருத்தி "சரின்னு சொல்லுடி" என்று உதடசைத்தாள்.

ஆலை அவரிடமிருந்து காதை எடுத்துக்கொண்டது. அவளிடமிருந்து மெல்லிய குரலை. வேலையை விட்டு இத்தனை வருஷமாகியும் அவள் வாயைத் திறந்தால் தெருக்கோடிக்குக் கேட்கும். அவருடைய தங்கை நேர் எதிர். நூலகத்தில் வேலை. வேலையிடத்துக் குரல் வீட்டுக்கும் அவளோடு வந்துவிடும். "என் தங்கச்சி பேசறது அவளுக்கே கேக்காது, என் பொண்டாட்டி பேசறது பக்கத்து ஊருக்குக் கேக்கும், நடுவுல ஆண்டவன் எனக்குச் செவிட்டுக் காதைக் குடுத்துக் காப்பாத்திட்டான்" என்பார் அவர். நாத்தனார் வீட்டுக்கு வந்த நாளெல்லாம் சொன்னது ஒரே வார்த்தைதான்: "மெதுவா, அண்ணி." கடையில், பேருந்தில், கல்யாணப் பந்தியில், எங்கேயும் மெதுவா, அண்ணி.

அந்த அருவிக்குப் போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பாறையைக் குடைந்து பாதை போட்டிருக்கிறார்கள், கொட்டுகிற தண்ணீருக்குப் பின்னாலேயே போய் நிற்கலாம், அங்கே சத்தத்தில் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காது என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தார். "ஊரே அங்க செவிடாயிடும். நாம ரெண்டு பேர் மட்டும் ஹாயா பேசிக்கிட்டு நிப்போம், பாத்துக்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஆஸ்பத்திரியில் அவரைக் கண்ணாடிக் கதவு போட்ட அறையில் வைத்திருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் உள்ளே இருக்கலாம். அன்றைக்கு நாத்தனார் வந்து, அவளுடைய வாடிய முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க, அண்ணி. நான் பாத்துக்கறேன்" என்றாள். அவள் போனாள். டீயை ஆற்றிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றி வெள்ளைக் கோட்டுகள் நின்றன. நாத்தனார் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தாள்.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு ஒருமுறை அவள் கேட்டாள், கடைசியில் ஏதாவது சொன்னாரா என்று. "ஒண்ணும் சொல்லல, அண்ணி" என்றாள் நாத்தனார், தரையைப் பார்த்துக்கொண்டு. அதன் பிறகு வருவதும் குறைந்தது. வந்தாலும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உயிர் போகிற நேரத்தில் டீ குடிக்கப் போனவள் என்று மனசுக்குள் வைத்திருக்கிறாள், வாய்விட்டுச் சொல்ல மாட்டாமல் ஒதுங்குகிறாள் என்று அவள் எண்ணிக்கொண்டாள். அவளும் தன்னைப் பற்றி அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அதனால் சண்டை போடவும் வழியில்லை.

மறு வருஷம் சுற்றுலா அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். உடம்புக்கு முடியவில்லை என்று போன வருஷம் தள்ளிவைத்த பயணத்தை இந்த மாதம் வைத்துக்கொள்ளலாம், இரண்டு பேரும் வருகிறீர்களா என்றாள். "வர்றோம்" என்று வாயில் வந்துவிட்டது. போனை வைத்த பிறகுதான் இரண்டாவது ஆள் யார் என்ற யோசனை வந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயிற்று. அவர் இடத்துக்கு உரிமையுள்ள ஒரே ஆளான நாத்தனாருக்குப் போன் செய்தாள். மறுமுனை எந்தத் தேதி என்று கேட்டது. பிறகு "சரி, அண்ணி" என்றது.

காலைச் சுற்றுலா என்பதால் விடியும்போதே வேன் கிளம்பியது. வெயில் ஏறும் முன் போனால் கூட்டமும் இருக்காது, வானவில்லும் தெரியும் என்று வழிகாட்டி சொன்னான். நல்ல வாயாடி. பாதி தூரம் அருவியின் பெருமையையும் மீதி தூரம் தன் மாமியாரின் பெருமையையும் சொல்லிக்கொண்டு வந்தான். கடைசி வளைவில் குரல் மாறியது. "இப்ப சொல்றதை நல்லா கேட்டுக்கோங்க. உள்ள போனப்புறம் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் உங்களுக்குக் கேக்காது. கூட வந்தவங்கதான் உங்களுக்குக் காவல். அவங்க உங்க கண்ணை விட்டுப் போகக்கூடாது, நீங்க அவங்க கண்ணை விட்டுப் போகக்கூடாது. திரும்பி வந்ததும் உங்க ஜோடி கையை நீங்க தூக்கணும். அவங்க கையை, உங்க கையை இல்ல. அப்பத்தான் வண்டி எடுப்பேன்." புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வெட்கப்பட்டுச் சிரித்தது. அவளும் நாத்தனாரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தார்கள்.

இறங்குமிடத்தில் மழைச்சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அவளுடையது பிரிக்கப்படாமலே இருந்தது, பிரித்துப் போட்டுக்கொண்டாள். அடுத்த பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருந்தது அவர் மடித்த மடிப்பு. நாத்தனார் சட்டென்று புரிந்துகொண்டு, தான் நனைந்தாலும் பரவாயில்லை, வழிகாட்டியிடம் வேறு இருந்தால் கேட்கலாம் என்றாள். வழிகாட்டியிடம் வேறு இல்லை. அவள் பையின் பொத்தானை அவிழ்த்து, உதறி, நாத்தனாரின் தோளில் போட்டாள். கைகள் இரண்டும் விரலைத் தாண்டித் தொங்கின. அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படிகள் பாறைக்குள் இறங்கின. சத்தம் முதலில் காதில் இருந்தது, பிறகு நெஞ்சில், பிறகு காலடியில். கடைசித் திருப்பத்தில் மற்றவர்கள் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவளுக்கு மட்டும் தோள் தளர்ந்தது. காலை ஷிப்ட் மாறும்போது ஆலைக் கதவைத் தள்ளித் திறக்கிற நேரம் மாதிரியே இருந்தது. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், தண்ணீர் தறியில் வெள்ளைப் பாவு நூல் விரித்தாற்போல மேலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. ஓர் இழையும் அறுகிற வழியாக இல்லை. வழிகாட்டி பாறையின் ஒரு பிளவைக் காட்டி ஏதோ விளக்கினான். எல்லாரும் ஒன்றும் கேட்காமல் தலையாட்டினார்கள். இந்தப் பாறையையும் தன் மாமியாரையும் யாராலும் அசைக்க முடியாது என்றுதான் அவன் சொல்கிறான் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தது. இதைச் சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் திரும்பினாள். பக்கத்தில் அவர் இல்லை. அந்த நேரத்தில்தான் அது முழுசாக உறைத்தது. இந்தப் பேச்சைப் பேச இனி உலகத்தில் தனக்கு யாரும் இல்லை.

நாத்தனார் சற்றுத் தள்ளி, கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்து நின்றாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. பாடுகிறாளோ என்று முதலில் நினைத்தாள். பக்கவாட்டில் பார்த்துப் படிப்பது ஆலைக்காரர்களுக்குப் பெரிய வித்தையல்ல, தறிகள் பக்கத்துப் பக்கத்தில்தானே நிற்கின்றன. அவள் படிக்க நினைக்கவில்லை. கண் தானாகப் படித்துவிட்டது.

"தண்ணி கேட்டாரு, அண்ணி. நான் குடுக்கல."

நாத்தனார் வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்திக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இங்கே யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், ஒரு வருஷமாக ஊமை கண்ட கனவாக வைத்திருந்ததை அருவியிடம் கொட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு கேட்டார், என்னிடம் கேட்டால் தரமாட்டேன் என்று தெரிந்து வேறு யாரிடமோ கேட்கிற மாதிரி. இப்படி. தொங்குகிற நீலக் கைக்குள்ளிருந்து கட்டைவிரல் வெளியே வந்து வாய்க்குப் போனது. அப்புறம் நெஞ்சு எரியுது என்று தட்டிக் காட்டினார். உள்ளங்கை நெஞ்சில் விழுந்தது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு. "தாகத்தோடயே அனுப்பிட்டேன், அண்ணி."

அவருடைய சட்டையின் கை அது.

கேட்கக்கூடாததைக் கேட்க நேர்ந்தால் காதைப் பொத்திக்கொள்ளலாம், கண்ணை என்ன செய்வது? பார்க்காத மாதிரி இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். ஆலையை விட்ட பிறகு எத்தனையோ பழக்கம் விட்டுப்போயிற்று. அதில் கதவருகே திரும்பிப் பார்ப்பதும் ஒன்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முதுகுக்குச் சொல்லியிருக்கிறார் அவர்.

போய் நாத்தனாரின் தோளைத் தொட்டாள். திரும்பிய முகத்துக்கு நேராக, கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோய், நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினாள். நாத்தனாரின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

இருவரும் மேலே ஏறி வந்தார்கள். படி முடிகிற இடத்தில் ஈரக் கல்லில் உட்கார்ந்தார்கள். சத்தம் கீழே தங்கிவிட்டது.

"உங்களுக்கு எப்படிக் கேட்டுது?"

"கேக்கல. பாத்தேன்." பிறகு சொன்னாள். "அது தண்ணி இல்லடி. டீ."

ஆலையில் அந்தச் சைகைக்கு என்ன அர்த்தம் என்பதையும், கதவருகே திரும்பிப் பார்க்கிற வழக்கத்தையும் அவளுக்குத் தெரிந்த வரை மெதுவாகச் சொன்னாள். அந்த மெதுவான குரலுக்கே டிக்கெட் கவுண்டரில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். நாத்தனார் அழுகையை விழுங்கி விழுங்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் மனசு ஆறணும்னு சொல்றீங்களா, அண்ணி?"

மூச்சு முட்டின ஒரு மனிதனின் கை எங்கே போயிற்று, ஏன் போயிற்று என்று யார் சத்தியம் பண்ண முடியும்? "முதல்ல கட்டைவிரல், அப்புறம் நெஞ்சுல ரெண்டு தட்டு. நீ பாத்தது அதானே?"

"அதான்."

"கதவைத்தானே பாத்துக்கிட்டு இருந்தாரு?"

"கதவைத்தான்."

"அப்ப எனக்குச் சொன்னது. உனக்கு இல்ல" என்றாள். சொன்ன விதத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வேனில் வழிகாட்டி ஜோடிகளை எண்ணினான். அவள் நாத்தனாரின் கையைத் தூக்கினாள், நாத்தனார் அவள் கையைத் தூக்கினாள். மலை இறங்கும் வழியில் ஒரு டீக்கடை முன்னால் வண்டி நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். நாத்தனார் மட்டும் மடியில் அந்த நீலச் சட்டையை வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நீவினாள், மடித்தாள், உருட்டினாள். ஒரு பக்கம் உள்ளே போனால் இன்னொரு பக்கம் வெளியே வந்தது.

"நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க, அண்ணி" என்றாள், தலை நிமிராமல். "பையெல்லாம் நான் பாத்துக்கறேன்."

சொன்ன பிறகுதான் இருவருக்கும் அது விளங்கியது. அவள் எழுந்து வேனின் கதவு வரை போனாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். நாத்தனாரும் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை பாதியும் பை பாதியுமாக இரண்டு கையும் நிறைந்திருந்ததால் தலையை மட்டும் அசைத்தாள்.

கடையில் அவள் இரண்டு டீ சொன்னாள், ஒன்றைக் கையில் கொண்டுபோக. குனிந்து தம்ளர் கழுவிக்கொண்டிருந்த கடைக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். மரத்தடியில் நின்ற புது மாப்பிள்ளையும் பெண்ணும் திரும்பினார்கள். வேனின் மூடிய ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நாத்தனாரின் உதடு அசைந்தது. இவ்வளவு தூரத்திலிருந்தும் அதைப் படிக்க அவளுக்குச் சிரமமே இல்லை.

மெதுவா, அண்ணி.