எண்காலிக்கு ஏழு கால்

சிமெண்ட் கம்பெனி ஒன்று தொடங்கியபோது ஊர் பேஸ்பால் அணிக்கு 'சிமெண்ட் எண்காலிகள்' என்று பெயர். கப்பல் கம்பெனி வாங்கியதும் 'கப்பல் எண்காலிகள்'. அப்புறம் நூடுல்ஸ் கம்பெனி வந்து, ஏதோ கிண்ணத்தில் போட்டுக் கொடுக்கிற பண்டம் மாதிரி 'நூடுல்ஸ் எண்காலிகள்' ஆக்கியது. முதலாளிகள் மாறினார்கள்; தொப்பியில் இருந்த எண்காலி, அதாவது ஆக்டோபஸ், மட்டும் தோக்சு வரைந்ததாகவே இருந்தது.

கொரியாவின் தென்கரைத் துறைமுகத்தில் பெயர்ப்பலகை எழுதுகிறவர் தோக்சு. வரைகிற அவசரத்தில் ஒரு காலை மறந்துவிட்டார். தொப்பியெல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகுதான் எவனோ எண்ணிப் பார்த்தான். ஊரே சிரித்தது. பிறகு, அணி தோற்கும்போதெல்லாம் ரசிகர்கள் ஏழு விரலைத் தூக்கி, "ஒரு கால் போனா என்ன!" என்று கத்த ஆரம்பித்தார்கள். வேண்டுமென்றேதான் அப்படி வரைந்ததாகத் தோக்சுவும் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்.

இப்போது வாங்கியிருப்பது செல்போன் கம்பெனி. புதுச் சின்னம் வரைந்திருப்பது எதிர்க்கடை மின்கியு.

"அவன் மீன் வரைஞ்சாலே செருப்பு மாதிரி இருக்கும்," என்றார் தோக்சு, அறிமுக விழாவுக்குச் சட்டையைத் தேய்த்தபடி.

"பிடிக்கலைன்னா எதுக்குப் போறீங்க?" என்றாள் மனைவி சன்வொல்.

"குறை சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?"

மைதானத்தில் திரை விலகியது. தோக்சுவுக்கு வயிறு எரிந்தது. படம் நன்றாக இருந்தது, அதுதான் கோளாறு. முப்பத்தெட்டு வருஷமாக அவர் கைக்கு வராத வளைவில் ஒரு கால் மட்டையை அழகாகச் சுற்றிப் பிடித்திருந்தது. ஆத்திரத்தில் கால்களை எண்ணினார். ஏழு. மறுபடி எண்ணினார். ஏழு!

"இவனும் மறந்துட்டான்டி!" என்று பக்கத்திலிருந்த சன்வொல்லிடம் சொல்லித் துள்ளி எழுந்தவர், மேடையிலிருந்து இறங்கிய மின்கியுவை மறித்தார். "ஏழுதான்டா இருக்கு!"

"ஆமாண்ணே. எட்டு போடச் சொல்லி கம்பெனிக்காரனுங்க ரெண்டு மாசமா ஒரே சண்டை. ஏழு இல்லேன்னா வேற ஆளைப் பாருங்கன்னுட்டேன்."

"ஏன்டா?"

"நான் எப்படிண்ணே அதைத் திருத்துறது? அது உங்க தப்பாச்சே."

மின்கியுவின் சின்னத்தை மாற்றி வரைகிற வேலை தன்னிடம் வந்திருந்தால், அவன் கோட்டில் ஒன்றையாவது விட்டுவைத்திருப்பாரா? மாட்டார். அவன் பெருந்தன்மை மேலும் ஒரு பொறாமை இப்போது சேர்ந்துகொண்டது.

"தப்பில்லடா. வேணும்னேதான் வரைஞ்சேன்."

"தெரியும்ணே," என்றான் மின்கியு, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சன்வொல் புதுத் தொப்பி வாங்கிவந்து நீட்டினாள். தோக்சு பழையதைக் கழற்றவில்லை. அதன் மேலேயே மாட்டிக்கொண்டார்.