மஞ்சள் பூசிய சுவர்

மாத்தளை டவுனில் சரக்குக் கடை வைத்திருந்த ஸெய்னுலாப்தீன் வீட்டுக்குள் கூலி வாங்கி வேலை செய்ய எந்த பாஸும் காலடி வைத்ததில்லை. மேசன் பாஸானாலும் தச்சு பாஸானாலும் வாசலோடு சரி. ஓடு உடைந்தால் அவரே கூரையில் ஏறுவார். இறங்கும்போது இன்னும் இரண்டு ஓடு உடைந்திருக்கும். குழாய் ஒழுகினால் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுவார். குழாயும் அவருக்கு மரியாதை கொடுத்து, சுற்றிய இடத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் ஒழுகும். அத்தோடு மனுஷன் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. பள்ளிவாசலுக்கு வருகிறவர்களை மறித்துப் பிடித்து, "வீணா சல்லியக் கரியாக்காதீங்க, செய்ற வழிய நான் சொல்லித் தாறேன்" என்று பாடம் நடத்துவார்.

அவர் மனைவி உம்மு குல்தூம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தப் பாட்டைத்தான் பட்டுக்கொண்டிருந்தாள். அவர் செப்பனிட்ட சமையலறைக் கதவைத் திறக்க ஓர் உதை, மூட இரண்டு உதை. அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. தான் பட்டது போதும், மகள் ஹமீமாவாவது ஒன்று உடைந்தால் பாஸைக் கூப்பிடுகிற வீட்டுக்கு வாழப் போகவேண்டும்.

அந்த ஆசைக்கு ஏற்றாற்போல உக்குவளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ரவூப், அரசாங்கக் கச்சேரியில் கிளார்க். அவனுடைய வாப்பா ஸஹாப்தீன், மிளகு ஏலக்காய் வியாபாரி, பெரிய கல்வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

"ஹோல் சுவத்தப் பாருங்க, கரி பிடிச்சுக் கிடக்கி. மாரிமுத்து பாஸ ஒருக்காக் கூப்பிட்டு மஞ்சப் பூச்சு அடிப்பமா?" என்றாள் உம்மு குல்தூம்.

"பாஸா? சுண்ணாம்பு இரிக்கி, தும்புத்தடி இரிக்கி, எனக்குக் கையும் இரிக்கி."

"மஞ்சக் கலர்?"

வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் அது. எந்தக் கடையிலும் வர்ணத்தூள் இல்லை. மாரிமுத்து பாஸிடம் மட்டும் எப்படியோ கொஞ்சம் இருந்தது. ஸெய்னுலாப்தீன் கண்ணைச் சிமிட்டி, "அதுக்கு வழி எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். அந்தக் கண்சிமிட்டல் நல்லதுக்கில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள். அதுதான் அவள் விட்ட பிழை.

ஞாயிறு காலை வட்டிலப்பத்துக்கு முட்டையும் கித்துள் கருப்பட்டியும் வாங்கப் போனவள் திரும்பி வந்து ஹோலைப் பார்த்தாள். நான்கு சுவரும் சிவப்பு. கோழி அறுத்த இடம்கூட அவ்வளவு சிவப்பாக இருக்காது. நடுவில் ஸெய்னுலாப்தீன், முழங்கை வரைக்கும் சிவந்துபோய், தும்புத்தடியோடு நின்றார்.

"மஞ்சள்தான் போட்டன்" என்றார் அவர். "அல்லா மேல ஆணையா மஞ்சள்தான். நம்மட கடை மூட்டையில இருந்து எடுத்த முதல் தரத் தூள்."

பக்கத்து வீட்டுக் கமலாட்சி யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னாக்கா, சுவத்துக்கே ஆலாத்தி எடுத்துட்டீங்களா? எங்க வீட்டுல பொண்ணு மாப்பிள்ளைக்குச் சுத்துறதுக்கு மஞ்சளும் சுண்ணாம்பும்தான் கரைப்போம். சேர்ந்தா ரத்தமா செவந்துருமே!"

ஸெய்னுலாப்தீன் இருபது வருஷமாக மஞ்சள் விற்றவர். ஆனால் மூட்டையில் பார்த்ததோடு சரி, ஆலாத்தித் தட்டை அவர் எங்கே கண்டார்?

உம்மு குல்தூமுக்குக் கோபத்தில் கண்ணீரே வந்துவிட்டது. "சாரத்துல பட்ட மஞ்சக் கறைக்குச் சவுக்காரம் போட்டாலும் இப்படித்தான் செவக்கும். ஒரு நாளாவது உங்கட சாரத்த நீங்களே தொவச்சிரிந்தாத் தெரிஞ்சிரிக்கும்."

"தொவைக்க ஆள் இரிக்கக்க நான் ஏன்..."

"சுவத்துக்கும்தான் ஆள் இருந்திச்சி!"

மேலே வெறும் சுண்ணாம்பு அடித்தால் மறைந்துவிடும் என்று அவர் ஒரு மூலையில் அடித்துக் காட்டினார். மூலை ரோஸ் நிறமானது. "ரோஸும் மோசமில்ல" என்று ஆரம்பித்தவரின் கையிலிருந்து அவள் தும்புத்தடியைப் பிடுங்கிக்கொண்டாள்.

சவுக்காரத்தில் சிவந்த கறையில் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்தால் பழையபடி மஞ்சளாகும். அதுவும் துவைக்கிறவளுக்குத் தெரிந்த விஷயம்தான். கமலாட்சி வீட்டு மரத்தில் ஒரு காய் மிச்சமில்லாமல் பறித்து, ஹமீமாவோடு சேர்ந்து பெண்கள் மூன்று பேரும் பிழிந்தார்கள். சாற்றில் துணியை நனைத்து ஒற்றிய இடமெல்லாம் சிவப்பு ஓடிப்போய், பழுத்த மாம்பழ நிறம் வந்தது. கடைசிச் சுவரை ஒற்றி முடித்து விலகி நின்று பார்த்தபோது உம்மு குல்தூமுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. 'ஒரு சதம் செலவில்லாம' என்று மனதுக்குள் வந்த சொல்லை, கணவனின் சொல்லாயிற்றே என்று வெட்கப்பட்டு விழுங்கிக்கொண்டாள்.

சொன்னபடி அஸருக்குப் பிறகு உக்குவளைக்காரர் வந்தார்கள். ஸஹாப்தீன் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகச் சுவரோரக் கதிரையில் அமர்ந்தார். அவர் மனைவி நோனா உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தாள். ஸலாமும் சுகசெய்தியும் முடிந்து பிளேன்டீ வருவதற்குள், திரைச்சீலை இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்த உம்மு குல்தூம் அதைக் கண்டுவிட்டாள். சுவர் காயக் காய, அடியில் கிடந்த சுண்ணாம்பு சும்மா இருக்கவில்லை. ஸஹாப்தீனின் தலைக்கு மேலே ஒரு சிவப்புத் திட்டு பூத்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு அம்மை வார்த்தாற்போலச் சுவர் முழுக்க.

ஸெய்னுலாப்தீனும் கண்டுகொண்டார். விருந்தாளி திரும்பிவிடக் கூடாதென்று மழையைப் பற்றியும் மிளகு விலையைப் பற்றியும் மூச்சு விடாமல் பேசினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எவ்வளவு நேரம்தான் மறைப்பது? ஸஹாப்தீன் மெல்லத் திரும்பினார். சுவரை ஏறிட்டுப் பார்த்தார். விரலால் தடவினார். வியாபாரியின் பழக்கம் விடுமா, விரலை நாக்கில் வைத்தார்.

"மஞ்சள்" என்றார். இன்னொரு தடவை நக்கினார். "தேசிக்காய்."

உம்மு குல்தூம் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு, போயிற்று, என் மகளுடைய வாழ்வு போயிற்று என்று நின்றாள்.

"தேசிக்காய் நிக்காது, ஸெய்னுலாப்தீன் நானா" என்றார் ஸஹாப்தீன் நிதானமாக. "கொறுக்காப்புளி அவிச்ச தண்ணி அடிச்சிரிக்கணும். போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு எங்கட ஊட்டுல நான் அதத்தான் அடிச்சேன்."

"பாஸக் கூப்பிடாமயா?"

"பாஸா? சல்லி என்ன மரத்துலயா காய்க்கி?"

ஸெய்னுலாப்தீன் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நிமிஷம் இருவரும் சைக்கிள் டியூபின் மகத்துவத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

கூடிவந்த சம்பந்தத்துக்கு எந்தத் தாயும் சந்தோஷப்படுவாள். உம்மு குல்தூமுக்கோ சந்தோஷம் வரவில்லை. உக்குவளையிலும் ஒரு ஸெய்னுலாப்தீன்! அந்தக் கல்வீட்டிலும் கதவுக்கு உதைதான். இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று எந்த முகத்தோடு சொல்வது என்று யோசித்தபடி, வட்டிலப்பத் தட்டோடு நோனாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

நோனா தட்டைத் தொடவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ராத்தா, பின்னால குறை சொல்லக் கூடாது, இப்பவே சொல்லிப் போட்றன். எங்கட ரவூப் வாப்பாவ மாதிரி இல்ல. கைவேலை சுட்டுப்போட்டாலும் வராது. ஒரு ஆணி அடிக்கவும் தெரியாது. கொடிக்கயிறு அறுந்தாலும் பாஸக் கூட்டிக்கிட்டுத்தான் வந்து நிப்பான். அதுக்காகவே வாப்பாவோட சண்டை போட்டுக்கிட்டு, கல்யாணம் முடிச்சதும் கச்சேரிக்குக் கிட்ட வேறா ஊடு எடுக்கப் போறானாம். கூறு கெட்டவன்."

உம்மு குல்தூம் தட்டில் இருந்ததிலேயே பெரிய வட்டிலப்பத் துண்டை எடுத்து நோனாவின் கையில் வைத்தாள்.

"நல்ல காரியத்த ஏன் தள்ளிப் போடணும்?" என்றாள். "நிக்காஹ்வ இந்த மாசத்துக்குள்ளயே வெச்சிருவம்."