மரியஜானின் கண்கள்

"எனக்க அண்ணனுக்க கண்ணைத் தோண்ட விடமாட்டேன்."

சித்தப்பா கதவுக் கொண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் வங்கியிலிருந்து வந்த இரண்டு பேர் பெட்டியோடு முற்றத்து வெயிலில் காத்து நின்றார்கள்.

சகாயசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடியற்காலையில் இறந்துபோன அப்பா மரியஜான் உள்ளே கிடக்கிறார். இருந்த காலத்தில் எட்டிப் பார்க்காத சித்தப்பாவுக்கு இன்றைக்குப் பாசம் பொத்துக்கொண்டு வழிகிறது.

அம்மா நேசம்மாளுக்கு இரண்டு கருவிழிகளும் புண் வந்து வெளுத்துவிட்டன. ஆளின் நிழல்தான் தெரியும். மார்த்தாண்டத்தில் கண் முகாம் என்றால் அப்பாதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார். தர்ம ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் இலவசம். ஆனால் செத்தவர் யாராவது கண் கொடுத்தால்தானே மாற்றிவைக்க முடியும்? அம்மாவுக்கு முன்னால் எத்தனையோ பேர் வரிசையில் இருந்தார்கள்.

"நான் போனா எனக்க கண்ணைக் குடுத்திரு மக்ளே. வரிசையில ஒரு ஆளாவது கொறையும்லா" என்று அப்பா சொல்லிவைத்திருந்தார்.

"தோண்டமாட்டாங்க சித்தப்பா. கருவிழியை மட்டுந்தான் எடுப்பாங்க."

"மோட்சத்துல அண்ணன் குருடனா நிக்கணுமா?"

"மண்ணுக்குள்ள வச்சா மட்டும் கண்ணு கெட்டுப்போகாதோ?"

"வாயைப் பாரு! மஸ்கட்ல இருந்து பெனின் சொல்லட்டும். ஆம்பளப் பிள்ள அவன் இருக்கயில நீ ஆருட்டி?"

தம்பி பெனினுக்குப் போட்ட போன் எடுப்பாரில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. வேலைத்தளத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். வந்தவர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரம் தாண்டினா எடுக்க முடியாதும்மா."

வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் பெனின் பேசினான். "அப்பா சொன்னதைச் செய்யுங்க சித்தப்பா. இதுக்கு எனக்க உத்தரவு எதுக்கு?" என்று அழுதான். சித்தப்பா கொண்டியை விட்டார்.

செல்வி உள்ளே ஓடினாள். ஃபேனை நிறுத்தி, அப்பாவின் இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்துவிட்டுத்தான் வாசலுக்குப் போயிருந்தாள். இப்போது தலைமாட்டில் அம்மா இருந்தாள். டேபிள் ஃபேன் அப்பாவின் முகத்துக்கு நேராகச் சுழன்றுகொண்டிருந்தது. பஞ்சு பாயோரம் பறந்து கிடந்தது. இமைகள் பாதி திறந்திருந்தன.

"புழுக்கம் தாங்கமாட்டாருல்லா மக்ளே. நாந்தான் தட்டித்தடவிப் போட்டேன்" என்றாள் அம்மா.

வந்தவர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். இமைகளை மெதுவாக மூடினார். செல்வியை அடுக்களைப் பக்கம் அழைத்துப் போனார்.

"காத்துல காஞ்சுபோச்சும்மா. இனி யாருக்கும் வைக்க முடியாது."

பின்னாலேயே வந்த சித்தப்பாவின் காதிலும் அது விழுந்தது. அவரை என்னவெல்லாமோ கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. அதற்குள் அம்மா கூப்பிட்டாள்.

"எடுத்தாச்சா மக்ளே?"

வந்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"எடுத்தாச்சும்மா" என்றாள் செல்வி.

அம்மா குனிந்து அப்பாவின் முகத்தைத் தடவினாள். நெற்றி, புருவம், பிறகு மூடிய இமைகள். விரல்கள் அங்கேயே வெகுநேரம் நின்றன.

"ஒரு வித்தியாசமும் தெரியல்லியே மக்ளே" என்றாள். "நல்ல பதனமாத்தான் எடுத்திருக்காங்க."