பேர் வெட்டின குடம்

"ஏனுங்கப்பா, இது எம் பேரு இல்லியே!"

சாலம்மாள் இப்படிச் சொன்னதும் செங்கோடன் குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சங்ககிரிக் கடைவீதியிலிருந்து பித்தளைக் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வேகாத வெயிலில் நடந்து வந்தவன், கையில் வாங்கிய தண்ணீரைக்கூட இன்னும் வாயில் ஊற்றவில்லை. வேறு யாருடைய குடத்தையோ தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம் என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. சேரியில் ஒரு பண்ணையாள் குடிசைக்குள் அடுத்தவர் பேர் வெட்டிய குடம் இருந்தால் அதை ஊர் என்னவென்று சொல்லும் என்பது எழுத்து தெரியாத அவனுக்கும் தெரியும்.

"அய்யோ சாமி, யாரு பேரு போட்டிருக்குது? கவுண்டரூட்டுதா? இப்பவே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தர்றேன்."

"அதெல்லாம் இல்லீங்கப்பா. நம்ம குடந்தான். சாலின்னு வெட்டியிருக்குது."

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மாரக்காள் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள். "அட, இதுக்கா இந்தக் கூப்பாடு? உன்னைய ஊரே சாலின்னுதான கூப்புடுது. தண்ணி நின்னாச் சரி. பேரா தாகம் தீக்கப் போவுது?"

தாய் சொன்னதில் பொய் இல்லை. அந்தச் சீமையில் பேர் என்பது ஆளைப் பார்த்து நீளும், ஆளைப் பார்த்துக் குறையும். கவுண்டர் வீட்டுப் பெண் கண்ணாத்தாள் என்றால் செத்த பிறகும் கண்ணாத்தாள்தான். சேரியில் பிறந்த பிள்ளைக்கு அப்பனும் ஆத்தாளும் ஆசையாய் என்ன பேர் வைத்தாலும், பண்ணை வாசலில் போய் நின்றதும் அதன் வாலை நறுக்கிவிடுவார்கள். செங்கோடன் அங்கே செங்கான். சாலம்மாள் சாலி. வால் இருந்த ஞாபகம்கூடப் பலருக்கு இல்லை.

சாலம்மாளுக்கு இருந்தது. சேரிக்கென்று சர்க்கார் வைத்த லேபர் பள்ளிக்கூடத்தில் அவள் நாலாவது வரைக்கும் படித்தவள். அந்த வாத்தியார் தினமும் காலையில் ஆஜர்ப் புஸ்தகத்தை விரித்து "செ. சாலம்மாள்" என்று முழுசாகக் கூப்பிடுவார். அவள் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்பாள். ஒரு நாளில் ஒரே ஒரு தரம், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் நின்று ஏழு வருஷமாகிவிட்டது. பிறகு யாரும் அவளை அப்படிக் கூப்பிடவில்லை.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருந்தது. சீராகக் கொண்டுபோகிற ஒரே பித்தளைச் சாமான் அந்தக் குடம். மாரக்காள் இரண்டு வருஷம் ஆட்டுக்குட்டி வளர்த்து விற்றதில் வந்தது. வாங்கிய குடத்தில் பேர் வெட்ட வேண்டும் என்று கேட்டவள் சாலம்மாள். தன் கையாலேயே ஒரு சீட்டில் "செ. சாலம்மாள்" என்று எழுதி அப்பனிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

இப்போது அவள் குடத்தை வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கழுத்துக்குக் கீழே, குடத்தின் தோளில், உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள். 'லி' என்ற எழுத்தில் மேல் சுழி மட்டும் புதிதாக மின்னியது. அதை அடுத்து மூன்று விரல் அகலத்துக்குத் தகடு நசுங்கிப் பள்ளமாயிருந்தது. விரலால் தடவினால் உள்ளே மங்கலாகச் சில புள்ளிகள் தட்டுப்பட்டன. ஒரு ம். ஒரு மா. ஒரு ள்.

"அப்பா, கடையில என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

செங்கோடன் தலையைச் சொறிந்தான். "ஒண்ணும் நடக்கலியே சாமி. நான் போனப்பவே குடம் ஆயிருந்துச்சு. மொதலாளி எடுத்து வெளிய வெச்சுட்டு, 'கவுண்டரூட்டுல யாருக்குடா கல்யாணம்?'னாரு. 'கவுண்டரூட்டுக்கு இல்லீங்க சாமி, எம் மகளுக்குங்க'ன்னேன். அப்படியான்னுட்டு, 'இரு, கொஞ்சம் வேலை பாக்கி இருக்குது'ன்னு மறுபடியும் உள்ள கொண்டுபோனாரு. வெளிய நின்னேன். டொங்கு டொங்குன்னு நல்லாத் தட்டினாங்க. நம்ம குடத்துக்கு ரெண்டு தட்டுச் சேத்தே தட்டறாங்க, கெட்டியா இருக்கட்டும்னு நெனச்சேன்."

சந்தோஷமாகத்தான் நின்றிருந்தேன் என்று அவன் சொல்லவில்லை. அது அவன் முகத்திலேயே இருந்தது. சாலம்மாளுக்கு அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

மறுநாள் காலையில் குடத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு அப்பனும் மகளும் சங்ககிரிக்குப் போனார்கள். வழி நெடுக செங்கோடன், "விட்ரு சாமி, விட்ரு சாமி" என்றே வந்தான். மகளையும் அவன் சாமி என்பான், கடை முதலாளியையும் சாமி என்பான். ஒன்று பாசத்தில் வருவது, மற்றது பயத்தில் வருவது. இரண்டும் ஒரே வாய்க்குள்தான் இருந்தன.

பாத்திரக் கடை முதலாளி குமாரசாமி கெட்டவர் என்று சொல்ல முடியாது. நிறுத்துக் கொடுப்பதில் குறை வைக்க மாட்டார். அமாவாசைக்கு அமாவாசை பிச்சைக்காரர்களுக்குக் கூழ் ஊற்றுகிறவர். சேரி ஆட்களைத் தெருவில் நிற்க வைத்துத்தான் வியாபாரம் செய்வார் என்றாலும், அதிகமாக வையமாட்டார். அப்படிப்பட்ட நல்லவர்களை வைத்துத்தான் ஊர் வழக்கங்கள் அத்தனையும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சாலம்மாள் குடத்தைக் கடைப் படியில் வைத்தாள்.

"சீட்டுல எழுதின பேரு வேறங்க. குடத்துல இருக்கற பேரு வேறங்க. மாத்திக் குடுங்க."

குமாரசாமி நிமிர்ந்து பார்த்தார். பிறகு அலுப்போடு சுவரைக் காட்டினார். அங்கே ஒரு பலகை தொங்கியது. "அது என்னன்னு தெரியுமா? பேர் வெட்டின சாமானத்தைத் திருப்பி எடுக்கறதில்லைன்னு எழுதியிருக்குது. சும்மா குடமா இருந்தா இந்த நிமிசமே மாத்திக் குடுத்திருவேன். உனக்குன்னு வெட்டினதை வேற எவ வாங்குவா, சொல்லு."

சாலம்மாள் பலகையை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். "பேர் வெட்டின சாமான்னுதானுங்க போட்டிருக்குது. இது பேரை வெட்டிப்போட்ட சாமானுங்க."

கடைக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பேர் வெட்டுகிற வீரபாகுதான். குமாரசாமி திரும்பி முறைத்ததும் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வாய் நீளுதே! சாலின்னுதான உன்னைய எல்லாரும் கூப்புடறாங்க?"

"கூப்புடறவங்க வாய் அவங்களுதுங்க. குடம் என்னுதுங்க. நான் எழுதிக் குடுத்ததை வெட்டறதுக்குத்தான நீங்க கூலி வாங்கினீங்க? அந்தச் சீட்டை எடுத்துப் பாருங்க."

சீட்டுகள் குத்தி வைக்கும் கம்பி அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. சீட்டில் என்ன இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"இங்க பாரு புள்ளெ," என்று குரலைத் தாழ்த்தினார். "சீட்டைப் பாத்துத்தான் மொதல்ல வெட்டினோம். கவுண்டரூட்டுச் சாமான்னு நெனச்சு வெட்டினோம். உங்கப்பன் சொன்ன பொறகுதான் விசயம் தெரிஞ்சுது. அவங்க குடத்துலயும் அம்மாள், உன் குடத்துலயும் அம்மாளா? நாளைக்கு அவங்க ஊட்டுப் பொம்பளைங்க குடத்தைக் கொண்டாந்து என் கடை முன்னால வீசிட்டுப் போனா நான் என்ன பண்றது?"

"அவங்க யாராச்சும் வந்து கேட்டாங்களா?"

"கேக்கல."

"குடத்தைப் பாத்தாங்களா?"

"பாக்கல. பாத்தாத்தானா? நமக்கே தெரிய வேண்டாமா?"

யாரும் கேட்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் மூன்று எழுத்து செத்துவிட்டது. கொன்றவர் கையில் கோபம்கூட இல்லை. செங்கோடன் மகளின் முழங்கையைத் தொட்டு, "வா சாமி, போலாம்" என்றான்.

குமாரசாமிக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "வேணும்னா ஒண்ணு பண்ணலாம். நசுங்கின எடத்துல பூ வெட்டித் தரச் சொல்றேன். தாமரைப் பூ. கூலி வேண்டாம். பார்வைக்கு லட்சணமா இருக்கும்."

"பூ வேண்டாங்க. பேர்தானுங்க வேணும்."

"அப்ப எடுத்துட்டுப் போ" என்று அவர் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

சாலம்மாள் குடத்தைச் சாக்கில் சுற்றும்போது வீரபாகு உளியைத் துடைப்பதுபோலப் படியோரம் வந்து நின்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னான்: "வெட்டறப்ப அந்த 'மா' எனக்கே புடிச்சிருந்துச்சு. அழிக்கத்தான் செரமமாப் போச்சு. அந்த எடத்துல தகடு மெலிஞ்சு கெடக்குது. இனி அதுமேல கை வெச்சுராத. ஓட்டை உழுந்திரும்."

வீட்டுக்கு வந்ததும் சாலம்மாள் ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால் மாரக்காளுக்கு ஆறுதல் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். செங்கோடன் பண்ணைக்குப் போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பினான். கோவணத்து மடியிலிருந்து ஒரு லாட ஆணியை எடுத்தான். மாட்டுக் குளம்பில் லாடம் அடிக்கிற ஆணி. அதை மகள் முன்னால் போட்டான். குடத்தை எடுத்துத் தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"தட்டு சாமி. நான் புடிச்சுக்கறேன்."

"சத்தம் வெளிய கேக்கப் போவுது" என்று மாரக்காள் படலைச் சாத்தினாள்.

சாலம்மாள் ஆணியை வைத்துக் கல்லால் தட்டினாள். மங்கிக் கிடந்த புள்ளிகள் மேலேயே ஒவ்வொன்றாகத் தட்டினாள். ம். மா. ள். அந்த 'லி'யின் சுழியை மட்டும் அவளால் அழிக்க முடியவில்லை. ஆகவே குடத்தில் "செ. சாலிம்மாள்" என்று வந்தது. லேபர் பள்ளிக்கூடத்து வாத்தியார் பார்த்தால் பிழை என்று சுழித்திருப்பார். அந்தக் குடத்துக்கு நேர்ந்த பிழைகளில் ஆகச் சின்னது அதுதான்.

தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். வீரபாகு சொன்னது சரியாகத்தான் போயிற்று. 'ள்' இருந்த இடத்தில் ஒரு முத்து வந்து நின்றது. பிறகு வழிந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

மாரக்காள் தலையில் அடித்துக்கொண்டாள். "நான் அன்னைக்கே சொன்னனே, தண்ணி நின்னாப் போதும்னு! இப்பப் பேரு நிக்குது, தண்ணி நிக்கல. ஓட்டைக் குடத்தோட மருமக வந்தான்னு சொல்ல மாட்டாங்களா?" அழுது ஓய்ந்த பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள். "அங்க போயி பேருக்குக் கீழ வரைக்கும் மொண்டுக்க கண்ணு. யாருக்குத் தெரியப் போவுது?"

ஓமலூருக்கு மேற்கே ஒரு சேரியில் மாப்பிள்ளை வீடு. தாலி கட்டி முடிந்து பெண்ணை அழைக்கிறபோது, அவள் அந்தச் சேரிக் கிணற்றில் தண்ணீர் மொண்டு நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் ஏற வேண்டும். குறைகுடத்தோடு நுழைந்தால் குடும்பம் குறைப்பட்டுப் போகும் என்பார்கள். சாலம்மாள் கிணற்றடியில் நின்று தன் பேரைப் பார்த்தாள். அம்மா சொன்னதை நினைத்துப் பார்த்தாள். பிறகு குடத்தைக் கழுத்து வரைக்கும் நிரப்பித் தூக்கிக்கொண்டாள்.

வாசலுக்கு வருவதற்குள் புடவை ஒரு பக்கம் நனைந்துவிட்டது. மாமியார் அத்தாயி ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். உழைத்து உழைத்து முதுகு வளைந்துபோன மனுஷி.

"இதென்ன சாமி, புதுக்குடம் ஒழுகுது?"

"எம் பேருங்க அத்தை" என்றாள் சாலம்மாள். "பேரு இருக்கற எடத்துல ஒழுகுதுங்க."

கூடியிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சாலம்மாள் நடந்ததைச் சொன்னாள். வாசல் படியில் நின்றபடியே, குடம் சொட்டச் சொட்ட, சீட்டிலிருந்து லாட ஆணி வரைக்கும் சொன்னாள். அத்தாயி கோபிக்கவில்லை. குடத்தை வாங்கி இறக்கி வைத்து, ஈரமான எழுத்துகளை முந்தானையால் துடைத்தாள்.

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியுங்க."

அத்தாயி உள்ளே போனாள். ஒடுங்கி, நெளிந்து, ஈயம் வைத்து ஒட்டிய ஒரு பழைய குடத்தோடு வந்தாள்.

"எங்கய்யன் எனக்கும் பேரு வெட்டித்தான் குடுத்தாரு. முப்பது வருசமா இதுலதான் தண்ணி சொமக்கறேன். என்ன போட்டிருக்குதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் படிச்சுச் சொன்னதில்லை. நீ பாத்துச் சொல்லு சாமி."

சாலம்மாள் குடத்தைத் திருப்பினாள். முப்பது வருஷத்துப் புளியும் சாம்பலும் தேய்த்ததில் எழுத்து மழுங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. "சேரி அத்தி" என்று இருந்தது.

அத்தாயி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தாயி அம்மாள்னு போட்டிருக்குதுங்க அத்தை."

"எனக்குத் தெரியும்" என்று கிழவி ஒரு தரம் சிரித்தாள். "எங்கய்யன் சொல்லித்தான வெட்டினாங்க. தப்பாவா இருக்கும்?"

அவள் பழைய குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். சாலம்மாள் முந்தானை முடிச்சைத் தடவிப் பார்த்தாள். அம்மா வீட்டிலிருந்து முடிந்துகொண்டு வந்த லாட ஆணி அங்கேதான் இருந்தது.