பேட்டரிக்கு இட்ட சந்தனம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஞானோதயமாக வரவில்லை, என் பழைய காரிலிருந்து வந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் மைசூர் விஜயநகரில் என் வீட்டு வாசலில் சாவியைத் திருகினேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பானெட்டைத் திறந்தேன். பூஜைக்காகக் கழற்றித் துடைத்து வைத்த பேட்டரியின் இரண்டு குமிழ்களிலும் என் வீட்டில் பயபக்தியோடு சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தார்கள். நான் அதன் மேலேயே கிளாம்பை மாட்டி முறுக்கியிருக்கிறேன். காய்ந்த சந்தனத்தில் கரண்ட் எப்படிப் போகும்? சுரண்டினேன், மாட்டினேன், வண்டி கிளம்பிவிட்டது.

கிளம்பியதுதான் வினை. ஒரு நிமிஷத்தில் சரியாகிற கோளாறை வைத்துக்கொண்டு எவன் கதை எழுதுவான்? கோளாறு சரியாகாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

(வண்டி கிளம்பாததையும் கதை கிளம்பாததையும் முடிச்சுப் போட்டுத் தத்துவம் பேசுவேன் என்று காத்திருப்பவர்கள் எழுந்து காபி குடிக்கப் போகலாம்.)

2

'சாமுண்டி மலையின் மேல் இளங்காலைப் பனி...' வேண்டாம். மைசூரில் கதை என்றாலே கை தானாக மலைப்பக்கம் போய்விடுகிறது.

'ஸ்டியரிங்கை முதன்முதலாகத் தொட்டபோது கனகலக்ஷ்மியின் விரல்கள்...' சீச்சீ.

நேராகவே சொல்கிறேன். கனகலக்ஷ்மி, ரயில்வேயில் முப்பது வருஷம் எலக்ட்ரிக்கல் வேலை பார்த்து ரிடையரான சாம்புவின் மனைவி. அறுபதை நெருங்கும்போது கார் ஓட்டக் கற்று, லைசென்ஸ் எடுத்து, தானே தேடிப்பிடித்து ஒரு பழைய காரையும் வாங்கினாள். சனிக்கிழமைதோறும் தானே ஓட்டிக்கொண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போய் ரங்கநாதரைப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்கு முன்னால் எங்கே போவதென்றாலும் சாம்புவின் முகம் பார்த்துக் கேட்கவேண்டும். அவர் 'பாக்கலாம்' என்பார். அந்தப் பாக்கலாம் மாதக்கணக்கில் ஓடும்.

ஆயுத பூஜையன்று அவள் பேட்டரிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டாள். சாம்பு அதை வண்டியில் மாட்டினார். மறுநாளிலிருந்து 'டிக்'.

3

தெருவே வைத்தியம் பார்க்க இறங்கியது. பெட்ரோல் இல்லை என்றார்கள், இருந்தது. ஹாரனை அடித்துப் பார்த்தார்கள், முனகியது. எதிர்வீட்டு மஞ்சுநாத் இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளலாம் என்றார். தள்ளினால் கிளம்பியது, நிறுத்தினால் பழையபடி டிக். போகிற இடமெல்லாம் தள்ளுவதற்கு மஞ்சுநாத்தைக் கூட்டிக்கொண்டா போகமுடியும்?

பெங்களூரிலிருந்து மகன் கிச்சா போனில் தீர்ப்புச் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வருவானாம். அதற்குள் வண்டி கிளம்பாவிட்டால் பழைய இரும்புக் கடையில் தள்ளிவிடுவானாம். இந்த வயதில் அம்மா ஓட்டியதெல்லாம் போதுமாம்.

மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்று கனகலக்ஷ்மி கேட்டாள். சாம்புவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ரயிலுக்கே கரண்ட் பார்த்தவன் வீட்டுக்கு இன்னொருத்தனா என்றார். தினமும் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பானெட்டைத் திறப்பார், குனிந்து பார்ப்பார், மூடிவிடுவார்.

"ஸ்டார்ட்டர் மோட்டாரே போயிடுத்து. இந்த மாடலுக்கு இனிமே கெடைக்காது. ஹோகலி* விடு, கனகா."

* ஹோகலி: போகட்டும். இந்த ஊர்த் தமிழர்கள் எதையாவது கைகழுவும்போது கன்னடத்தில்தான் கைகழுவுகிறோம்.

4

இங்கேதான் எனக்குச் சாம்புமேல் சந்தேகம் வந்தது. நான் அவரை அசடாகத்தான் படைத்தேன், என்னை மாதிரி. ஆனால் முப்பது வருஷம் எலக்ட்ரிக்கல் என்று எழுதித் தொலைத்துவிட்டேனே. அப்பேர்ப்பட்டவர் கண்ணில் கிளாம்புக்கடியில் இருக்கும் சந்தனமா படாமல் போகும்? அவரைப் பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவாக மாற்றிப் பார்த்தேன். குமாஸ்தா உடனே மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடுகிறார், கதை அம்பேல்.

[இட்ட பொட்டை அழிக்கக்கூடாது என்ற பயம் அவருக்கு என்று ஒரு பத்தி இருந்தது. அடித்துவிட்டேன். பயமென்றால் அவளிடம் சொல்லியிருப்பாரே.]

அவருக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் அவர் தனியே உட்கார்ந்து ஆறிப்போன சாம்பாரைச் சாப்பிட்டார். அவள் வெயிலில் முகம் சிவந்து, சந்தோஷமாகத் திரும்பி வந்தாள். 'பாக்கலாம்' என்று சொல்ல அவருக்கு வாய்ப்பே இல்லாமல் போயிற்று. அதை அவரால் பொறுக்க முடியவில்லை. மனுஷன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. ஆனால் அந்த வண்டி கிளம்பிவிடக்கூடாது என்று நினைத்தவர்கள் இரண்டு பேர். அவர் ஒருவர், நான் ஒருவன்.

5

முடிவு ஒன்று: கிச்சா வருகிறான், வண்டி போகிறது, அவள் சமையலறையில் அழுகிறாள். பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். எனக்கு மனசு வரவில்லை.

முடிவு இரண்டு: சாம்பு மனம் திருந்தி, கண்ணீர்... கிடையாது. அவரை எனக்குத் தெரியும்.

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை. சனிக்கிழமை காலை அவளே பானெட்டைத் திறந்துவிட்டாள். நாளைக்குப் போகிற வண்டியை ஒருதரம் துடைத்து அனுப்பலாம் என்றுதான் திறந்தாள். கிளாம்புக்கடியிலிருந்து அவள் இட்ட குங்குமம் எட்டிப் பார்த்தது. டார்ச் லைட் செல்லில் பச்சை பிடித்தால் சுரண்டிப் போடுகிறவள்தானே அவள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஸ்பானரை எடுத்து நட்டைத் தளர்த்தி, ஈரத்துணியால் இரண்டு பொட்டுகளையும் துடைத்தெடுத்தாள். முறுக்கினாள். சாவியைத் திருகினாள்.

வண்டி கிளம்பியது.

சத்தம் கேட்டு சாம்பு காபி டம்ளரோடு வெளியே வந்தார். அவள் கத்தவில்லை. அந்தத் துணியை மட்டும் நீட்டினாள்.

"ஏன்னா, இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

சாம்பு என்னைப் பார்த்தார். அவருக்கென்று நான் ஒரு வசனமும் எழுதி வைத்திருக்கவில்லை. அவளும் என் பக்கம் திரும்பினாள். கேள்வி அவருக்கு மட்டும்தானா? எனக்கும்தான் முன்னாடியே தெரியும்.

6

அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் டிரைவர் சீட்டில் ஏறிவிட்டாள். சாம்பு டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, இடப்பக்கக் கதவருகே வந்து நிற்கிறார். பழைய வண்டியில்லையா, அந்தக் கதவு வெளியிலிருந்து திறக்காது. உள்ளேயிருந்து அவள் எட்டித் திறந்துவிட்டால்தான் உண்டு.

திறக்கிறாள் என்று நான் எழுதினால் சாம்புவுக்கு உடந்தை என்பீர்கள். திறக்கவில்லை என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. அவளை இத்தனை நாள் வீட்டிலேயே உட்கார வைத்தவன் நான், இனிமேலும் அவள் கையை நான் பிடித்து நகர்த்துவது நியாயமில்லை. அதனால் உங்களிடம் விடுகிறேன்.

சீக்கிரம் சொல்லுங்கள். அவள் ஹேண்ட்பிரேக்கை விட்டாயிற்று.